இத்தி மரம் நின்ற இடம்

தனிஸ்லாஸ் மாமா அந்த மரத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் மூன்று நாள் நின்று அளவெடுத்தும் இது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அந்த மரம் அங்கேயே நின்றிருக்கும்.

1997 டிசம்பர் மாதம். பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. இடத்துக்குப் போய் நாடா பிடித்து அளக்க வேண்டும். என்ன நிலையில் இருக்கிறது என்று மலையாளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அளவுகளை முதலில் என் சொந்த நோட்டில் தமிழில் குறித்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியும் படித்தவள்தான், ஆனாலும் எண்களை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை.

எனக்கு விழுந்த இடங்களில் ஒன்று விழிஞம். கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கேகோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். அவ்வளவு பக்கம் இருந்தும் இருபத்திரண்டு வயது வரை நான் அந்த ஊருக்குப் போனதில்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஜெஸ்லினுக்கு அதுதான் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நின்றிருந்தாள்.

"எடி நாச்சியாரே, வெள்ளக்காரச் சாயிப்பு வந்தா கோவளத்துக்குப் போவான். மத்தவன் வந்தா மீனு வாங்க வருவான். இடிஞ்ச மதிலு பாக்க வந்தது நீ ஒருத்திதான்" என்று சிரித்தாள்.

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் அது ஆய் மன்னர்களின் துறைமுகம். அதற்காகப் பாண்டியர் சண்டைக்கு வந்தார்கள், சோழர் வந்தார்கள். நான் கண்டது ஒரு பக்கம் பள்ளிவாசல், ஒரு பக்கம் மாதா கோயில், நடுவில் வளைந்த கரையில் நூற்றுக்கணக்கான வள்ளங்கள், காக்கைகள், ஏலம் கூவும் குரல்கள். அந்தப் பழைய ஊர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஜெஸ்லின் முதலில் ஒரு பாறைக்கு அழைத்துப் போனாள். பாறையைக் குடைந்து ஒரு சின்னக் கோயில். வெளிச்சுவரில் ஒரு பக்கம் சிவன், இன்னொரு பக்கம் சிவனும் பார்வதியும். இரண்டுமே முடியவில்லை. உளி பாதியில் நின்றுபோயிருந்தது. முகம் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. செதுக்கியவர் சாப்பிடப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்பதுபோல் இருந்தது. தொடப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

நான் அளக்க வேண்டிய மதில் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடலைப் பார்த்த ஒரு மொட்டைக் குன்றின் மேல். கருங்கல் மதில், நாற்பத்திரண்டு அடி நீளம், ஆள் உயரம். கோட்டை என்றார்கள் ஊரில். யார் கட்டியது என்று கேட்டால், "பண்டு யாரோ" என்றார்கள். அதன் மேல் ஓர் இத்தி மரம். காக்கை போட்ட விதையாக இருக்கும். மண்ணே இல்லாமல் வளர்ந்து, வேர்களை மதிலின் இரண்டு பக்கமும் மெழுகுபோல் வழியவிட்டு நின்றது. அதன் கீழே நின்று கடலைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் கரமனை ஆற்றைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதிலோரம் ஒருவர் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் கருத்த, ஒடிசலான மனிதர். தூரத்தைப் பார்ப்பதற்கென்றே சுருங்கிப்போன கண்கள்.

"எனக்க அப்பா, தனிஸ்லாஸ்" என்றாள் ஜெஸ்லின். பிறகு என் காதருகில், "இங்க வந்து இருக்கியதே கிடையாது. நீ வந்தேன்னு வந்திருக்கு" என்றாள்.

அவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், நீரோடியில். அங்கே மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்திருந்தார். விழிஞத்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச நேரம் நான் அளப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. கண் கயிற்றில்தான் இருந்தது.

"மோளே, இதெல்லாம் எதுக்கு அளக்குது?"

"எழுதி வைக்கத்தான் மாமா. எவ்வளவு நீளம், எங்கே விரிசல்னு."

"எழுதி வச்சா மதிலு நிக்குமா?"

"பழுது பாப்பாங்க."

"ஓ." கயிற்றில் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்ததும், "மரம் நல்ல நிழலு" என்றார்.

மூன்று நாளும் வந்தார். மூன்று நாளும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். மூன்றாம் நாள் நான் மதிலின் வடக்கு முனையிலிருந்து மரத்தின் நடுத்தண்டு வரை அளந்து, பதினாறு அடி நான்கு அங்குலம் என்று நோட்டில் எழுதினேன். அலுவலகப் படிவத்தில், மதில் மேல் வளரும் மரம் கற்களைப் பிளக்கிறது, அகற்ற வேண்டும் என்று எழுதினேன். அது உண்மை. நானாகக் கண்டுபிடித்து எழுதிய முதல் குறிப்பு என்பதால் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று மத்தியானம் ஜெஸ்லின் வீட்டில் சாப்பாடு. அவளுடைய அம்மா திரேசம்மை சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை ஆட்கள் மூச்சடக்கி முங்கிப் பெயர்த்து எடுப்பார்களாம். அதை அவித்து, உள்ளே இருப்பதைத் தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டு வறுத்திருந்தார். கூடவே வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு, குடம்புளி போட்ட மீன்குழம்பு. ஆரஞ்சு நிறத்தில் இருந்த அந்தச் சிப்பிச் சதையை நான் தயங்கித் தயங்கி வாயில் வைத்தேன். கடலின் உப்பு அதற்குள்ளேயே இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வெளியே எங்கேயும் நான் அப்படிக் கேட்டதில்லை.

"கரமனையில இதெல்லாம் கிடையாதா? பின்னே என்னத்த ஊரு அது?" என்றார் திரேசம்மை. மாமா சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தினார். "மோளே, எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள. எளையவ இவ. மூத்தவ வெள்ளத்துக்குள்ள கிடக்கா. இந்த மனுசனுக்கு அவளத்தான் கண்ணு."

எனக்குப் புரியவில்லை. ஜெஸ்லின் முற்றத்துக்கு இழுத்துப்போய் விளக்கினாள். கடலுக்கடியில் அங்கங்கே பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். மீன் அங்கேதான் தங்கும். ஆனால் மேலே எங்கும் ஒரே தண்ணீர். பாரின் மேல்தான் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்?

"கடலுல அடையாளம் கிடையாது. அடையாளம் கரையிலதான்" என்றாள். முற்றத்துத் தூணையும் அதற்குப் பின்னால் தெரிந்த தென்னையையும் காட்டினாள். "ஒரு கண்ண மூடு. தூணுக்குப் பின்னால தென்னை சரியா மறையுதது வரைக்கும் நடந்து போ. ஆங், நில்லு. இப்ப இந்தப் பக்கம் பாரு. கிணத்துச் செவரும் அந்தக் கோயில் குரிசும் ஒண்ணாத் தெரியுதா?"

இன்னும் இரண்டடி நகர்ந்தேன். தெரிந்தது.

"அப்பிடி ரெண்டும் ஒண்ணாத் தெரியுத இடம் லோகத்திலேயே ஒண்ணுதான். ஒனக்க காலுக்குக் கீழ."

நான் என் காலைப் பார்த்தேன். சாதாரண மண்தான். ஆனால் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

மாமா வந்த புதிதில் இங்கே யாரும் அவருக்கு ஒரு பாரையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடையாளங்களை உடன்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். சாகும்போது மகனுக்குச் சொன்னால் உண்டு. பின்னால் போனால் வேண்டுமென்றே சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். அதனால் அவர் ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தேய்த்துக் கயிற்றில் இறக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அடியில் மணல் இருந்தால் சோப்பில் மணல் ஒட்டி வரும். நாலு வருஷம் மணல்தான் வந்தது. ஜெஸ்லின் பிறப்பதற்கு முந்தின மாசம் ஒரு நாள், கை விரித்த அளவில் இருபது பாக ஆழத்திலிருந்து குண்டு சிவப்புப் பாசியோடு வந்தது. சோப்பில் கல் இடித்த பள்ளம். ஒரு வீட்டு முற்றம் அளவே உள்ள பார். வேறு யாருக்கும் தெரியாதது. திரேசம்மை சொன்ன மூத்தவள் அதுதான். கரையில் மலையும் வேறு ஏதோ ஒன்றும் ஒன்றாகத் தெரியும் ஒரு கோடு, வேறு இரண்டு ஒன்றாகத் தெரியும் இன்னொரு கோடு என்று இரண்டு கோடுகளை அவர் கண்ணால் பிடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டார். எவை என்று திரேசம்மைக்கும் தெரியாது.

"எனக்க கல்யாணம் ஒறப்பிக்கும்போ மாப்பிள்ள வீட்டுப் பூவாருகாரங்க எல்லாரும் இருக்கச்சிலே அப்பா சொல்லிட்டு, மருமகனுக்கு ஒரு பார் தாறேன்னு. அப்பிடி யாரும் குடுத்ததில்ல" என்றாள் ஜெஸ்லின். மாப்பிள்ளை ஜூடும் கடலுக்குப் போகிறவர்தான். ஜனவரி கடைசியில் கல்யாணம். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஜூடு வருவார், மாமா அவரை மட்டும் வள்ளத்தில் ஏற்றிப்போய்க் காட்டுவார்.

பழுதுபார்க்கும் வேலை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் நடந்துவிட்டது. ஜனவரி மூன்றாம் வாரம், வேலை முடிந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். மரம் இல்லை. வேரையும் தோண்டி எடுத்து, மதிலின் தலை முழுக்கச் சிமெண்டு பூசியிருந்தார்கள். மரம் எங்கே நின்றது என்று சொல்ல முடியாதபடி சுத்தமான வேலை. திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெஸ்லின் வீட்டுக்குப் போனேன்.

கல்யாண வீடு போலவே இல்லை. ஜெஸ்லின் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"பத்து நாளாட்டு அப்பா வெறுங்கையோட வருது. பார் கிடைக்கல்ல. கரையில ஒவ்வொருத்தனும், 'தனிஸு, மூத்த மோளு ஆருகூடயாவது ஓடிட்டாளா'ன்னு கேக்கான். அம்மை கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுது. நாளைக் கழிஞ்சா பூவாருல இருந்து அவரு வருவாரு. வள்ளத்தில ஏத்திக்கிட்டுப் போயி அப்பா எங்கயின்னு தேடும்? எத்தனை ஆளுக்க முன்னால சொன்ன வாக்கு!" அவள் அழுது நான் பார்த்ததில்லை. "பொன்னு வேண்டாம், பொருளு வேண்டாம், அந்த மனுசன் தலைகுனியாம இருந்தா போதும் எனக்கு."

"கண் அப்படித் திடீர்னு போகுமா?" என்று கேட்டுக்கொண்டே நான் குன்றின் பக்கம் பார்த்தேன். வானத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. இந்தக் கரையில் பத்து நாளில் மாறியது என்ன?

அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் அங்கே வந்து உட்கார்ந்தவர், நிழல் நல்ல நிழல் என்று சொன்னவர், அந்த மரத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமா கரையில் வள்ளத்தோரம் குந்தி உட்கார்ந்து ஈயக்குண்டில் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த வேலையை மறுபடி முதலிலிருந்து. நான் போய் நின்றேன்.

"மாமா, அந்த மரத்தை வெட்டச் சொல்லி எழுதினது நான்தான்."

"எந்த மரம்?"

"மதில் மேல நின்ன இத்தி."

"அத எனக்கிட்ட எதுக்குச் சொல்லுதே?"

"அது உங்க அடையாளம்."

அவர் கை நின்றது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். காது கேட்கும் தூரத்தில் ஒரு நாய்தான் இருந்தது.

"இது நான் சொன்னதில்ல. நீயாட்டுச் சொன்னது. கேட்டியா?"

"ஆமா மாமா."

"மாதா சாட்சி. நான் வாயத் தொறக்கல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னைக்கே எழுதாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எதுக்குன்னு நீ கேப்பே இல்லியா? நிழலுன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கு மேல சொன்னா பார் போச்சு." குண்டைத் திருப்பிப் பார்த்தார். "சொல்லாததுனாலயும் போச்சு" என்று தனக்குத்தானே சிரித்தார்.

ஒரு கோடு அவரிடம் இன்னும் இருந்தது. அந்தக் கோட்டின் மேல் எங்கே நிற்பது என்று சொல்லத்தான் மரம் வேண்டும். கடலிலிருந்து பார்த்தால் குன்றும் மதிலும் ஒரே சாம்பல் நிறம், பிரித்துத் தெரியாது. மதிலில் மரம் நின்ற இடமும் இப்போது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, மூன்றாம் வகுப்புக் குரலில் வாசித்தார்: "வடக்கு முனையிலிருந்து… பதினாறு அடி… நான்கு அங்குலம்." மறுபடியும் வாசித்தார். அந்த அங்குலத்தை மூன்றாவது தடவையும்.

"அங்கே ஒரு கம்பு நட்டு வைக்கலாமா?" என்றேன்.

"கம்பு நட்டா கரை முழுக்கக் கேக்கும், இது எதுக்குன்னு. அடுத்த நாளு நூறு வள்ளம் பாருக்கு மேல நிக்கும்." யோசித்தார். "ஒரு தடவ அதுக்கு மேல நின்னா போதும். வேற அடையாளம் புதுசா நான் எடுத்துக்குவேன். ஒரு தடவ மட்டும்." பிறகு மெதுவாக, "ரெண்டு பொட்டப்பிள்ளையள் துணி காயப்போட்டா ஆரு கேக்கப் போறா?" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு, கடலில் வள்ளங்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், நானும் ஜெஸ்லினும் திரேசம்மையின் சிவப்புச் சேலையை நனைத்து எடுத்துக்கொண்டு குன்றில் ஏறினோம். நாடா பிடித்து அளந்தேன். பதினாறு அடி நான்கு அங்குலம். அந்த இடத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டேன்.

"எதுக்குடி இது?" என்றாள் ஜெஸ்லின்.

"கேக்காதே."

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "எனக்க அப்பன் மாதிரிப் பேசுதே" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மதில் மேல் ஏறி, சேலையை நாலாக மடித்து, கரிக்கோட்டுக்கு நேராக உயரத் தூக்கிப் பிடித்தோம். கடற்காற்று எங்களையும் சேர்த்துப் பின்னால் தள்ளியது. கீழே ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பொன்னம்மை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எடியே, துணி காயப்போடக் கோட்டை மதிலுதான் கிடைச்சுதா? பெரிய ராஜகுமாரியளோ?"

"ஆமாக்கா. ஆய் ராஜாவுக்க பேத்தியள்!" என்றாள் ஜெஸ்லின்.

"பேத்தியளுக்கு ஒரு கொடிக்கயிறு வாங்கித் தர ராஜாவுக்கு வகையில்லியா?" என்று முனகியபடி புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

தூரத்தில் மாமாவின் வள்ளம் ஓர் எறும்பு போலத் தெரிந்தது. தெற்கே போனது. திரும்பியது. மறுபடி போனது. கை மரத்துப்போனது. சாய்ந்த வெயில் நேராக எங்கள் மேல் விழுந்தது. எனக்குப் பின்னால் நிலம் எங்கெங்கோ உயர்ந்து மலையில் போய் முடிகிறது. அதில் எந்த மேட்டின் மேல், எந்தப் பள்ளத்தின் மேல் இந்தச் சிவப்பு விழ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தாலும் தெரியாது. கோட்டின் மேல் நிற்பவர்களுக்குக் கோடு தெரிவதில்லை. தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் மட்டுமே மலையையும் மதிலையும் எங்களையும் ஒற்றை நூலில் கோத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கல்லை வைத்தவர்களும் ஒருநாள் இங்கே நின்று, ஏதோ ஒரு மரக்கலம் வருகிறதா என்று இதே கடலைப் பார்த்திருப்பார்கள். அன்றும் யாரோ அங்கிருந்து இந்தக் குன்றைத் தேடியிருப்பார்கள். சேலை கையை விட்டுப் போகாமல் இறுக்கிக்கொண்டேன்.

எறும்பு மெதுவானது. கொஞ்சம் பின்னுக்கு வந்தது. நின்றது.

அலையும் காற்றும் இருக்கும் இடத்தில் ஒரு வள்ளம் அப்படி ஆணி அடித்ததுபோல் நிற்க நங்கூரம் போட்டிருக்க வேண்டும்.

"நிக்குது" என்று ஜெஸ்லின் கிசுகிசுத்தாள்.

நின்றதும் மடக்கிவிட வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மடக்கினோம். காலால் கரிக்கோட்டைத் தேய்த்து அழித்தேன். மதில் மறுபடி வெறும் மதிலானது. வெளிச்சம் இருக்கும் வரை வள்ளம் அங்கேயே நின்றது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இந்தக் கரையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்துப் புதிதாக எதையோ எதனோடோ சேர்த்திருக்க வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரையேறினார். வள்ளத்துக்குள் ஒரு கலவா மீன் கிடந்தது, என் கையைவிட நீளம். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"தனிஸே, மூத்தவ வந்திட்டாளா?"

"பிணங்கிப் போயிருந்தா. விளிச்சேன், வந்திட்டா" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் ஜூடு வந்தார், இருவரும் போனார்கள், மத்தியானம் திரும்பினார்கள். வள்ளத்திலிருந்து இறங்கிய மாப்பிள்ளை மணலிலேயே மாமாவின் காலைத் தொட்டார் என்று ஜெஸ்லின் சொன்னாள்.

கல்யாணத்துக்கு நான் என் அப்பாவோடு போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாமாவே வந்து நின்று மீன் துண்டை இலையில் வைத்தார். அவருக்கு மட்டும் கேட்கும்படி, "புது அடையாளம் என்ன மாமா?" என்றேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொன்னா அடுத்த மாசம் அதையும் நாடா பிடிச்சு அளந்து, இடிக்கணும்ணு எழுதுவே" என்றார். இன்னொரு துண்டு வைத்தார்.

சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தேன். கோயில் முற்றத்தின் ஓரத்தில் கல்யாண மாலையோடு ஜூடு தனியாக நின்றிருந்தார். அங்கிருந்து கரை முழுதும் தெரிந்தது. கலங்கரை விளக்கம், ஓட்டல் ஒன்றின் தண்ணீர்த் தொட்டி, கொடிமரம், சாய்ந்த தென்னை, மதில், பின்னால் மலைகள். அவர் பார்வை அவை ஒவ்வொன்றின் மேலும் மெதுவாகப் போனது. ஓர் இடத்தை மட்டும் தாண்டிப் போனது. என்னைக் கண்டதும் சட்டென்று குனிந்து தன் புதுச் செருப்பைப் பார்த்தார்.

அவர் பார்க்காமல் விட்ட இடம் எது என்று என் கண் தேடப் போனது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.